வௌவால்கள் மீது விழுந்த பழி

மனோன்மணி ரீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தியை, மானிப்பாயிலிருந்து கொடிகாமம் சந்தைக்கு வந்த ஒருவர் வாழைக்குலைகளுக்கு நடுவே நின்று சொன்னார். கையிலிருந்த சாமானை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரே பாடசாலையில் அவர் உயிரியலும் நான் இரசாயனவியலும் படிப்பித்தோம். ஆசிரியர் அறையில் எங்கள் வாய்த்தர்க்கத்தைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் எங்கள் பாடசாலையில் தங்கியிருந்தன. தகரக் கூரையின் கீழ் பகலில் இருக்க முடியாது. சமையல், படிப்பு, நித்திரை எல்லாம் முற்றத்து இலுப்பை மரத்தின் கீழேதான். மரம் நிறையப் பழந்தின்னி வௌவால்கள். அடியில் தண்ணீர்த் தொட்டி. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியபோது, தொட்டிச் சுவரில் பழுப்பாக ஏதோ வழுவழுவென்று படிந்திருப்பதை எல்லோரும் கண்டார்கள். வௌவால் எச்சம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மகள் சுருண்டு கிடந்த பரிமளம் என்ற தாய், மரத்தைத் தறித்தே ஆகவேண்டும் என்று நின்றார். நானும் அவர் பக்கம்தான். அதிபர் கோடரிக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

ரீச்சர் மட்டும் மறித்தார். ஆனால் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் அவருக்கு வராது. "என்னெண்டு பாத்திட்டுச் சண்டை பிடிப்பம்" என்றார். மின்சாரம் இல்லாத காலம். ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியை, அந்த மைக்கிறஸ்கோப்பை, முற்றத்துக்குக் கொண்டுவந்து, அதன் கண்ணாடியை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பினார். பரிமளத்தைத்தான் முதலில் பார்க்க வைத்தார். வௌவால் எச்சத்தில் பழநாரும் விதைத் துணுக்கும் தெரிந்தன. தொட்டிப் படிவிலோ பொன்னிறத்தில் சின்னச் சின்னத் தோணிகள். சில மெல்ல நகர்ந்துகொண்டும் இருந்தன. டயற்றம் என்ற பாசி அது, நன்னீரில் தானாக வளர்வது, தீங்கில்லாதது.

"ரெண்டும் வேறை வேறை, ரீச்சர்" என்று பரிமளமே சொன்னார்.

கோடரிக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ரீச்சர் அதோடு விடவில்லை. திறந்து கிடந்த தொட்டித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததுதான் நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்றார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மேலே பின்னிய தென்னோலைக் கிடுகு போட்டு மூட வைத்தார். கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாதென்று அடுப்படி அடுப்படியாகச் சொல்லித் திரிந்தார். பிள்ளைகள் தேறினார்கள். பரிமளத்தின் மகளும் எழுந்து மரத்தடியில் ஓடியாடினாள்.

பிறகொரு நாள் பரிமளம் வந்து, தெரியாமல் சத்தம் போட்டுவிட்டேன் என்று தலை குனிந்தார். ரீச்சர் ஒரு சொல்லாலாவது குத்துவார் என்று காத்திருந்தேன், நானென்றால் குத்தியிருப்பேன்.

"பிள்ளைக்காகச் சத்தம் போட்டனீர், தங்கச்சி. நீர் போடாட்டி நாங்கள் அந்தத் தொட்டியை எட்டியும் பாத்திருக்க மாட்டம்" என்றார் ரீச்சர். பரிமளம் நிமிர்ந்து நடந்து போனார்.

ரீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இதைத்தான். நியாயம் என் பக்கம் இருக்கும் நாளிலும் எதிரே நிற்பவர் தலைநிமிர்ந்து போக வேண்டும். எனக்கு அது இன்னும் முழுதாகக் கைவரவில்லை. வரும் என்றுதான் நம்புகிறேன்.