கைதான் ஆடுது, மடி ஆடல

என் இரண்டு கைகளும் இளவயதிலேயே ஆட ஆரம்பித்துவிட்டன. சும்மா இருந்தால் ஆடாது. ஏதாவது ஒரு வேலை கொடுத்தால் ஆடும். கோம்பை டீக்கடையில் எனக்கு மட்டும் அரை கிளாஸ்தான் ஊற்றுவார்கள். அது மதுவிலக்குக் காலம். கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குப் போய்விட்டுத் திரும்பினால், கூடலூர் செக்போஸ்டில் பஸ் ஏறும் போலீஸ்காரர் டிக்கெட்டைப் பிடித்திருக்கும் என் கையைப் பார்த்ததும் நேரே என்னிடம் வந்து "ஊது" என்பார். ஊதுவேன். டீ வாசம்தான் வரும். முகம் தொங்கிப்போய் இறங்குவார்.

இதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. அக்கா மகளுக்குக் காது குத்தும் பேச்சு வந்தபோதுதான் வினை வந்தது.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். ஆசாரி ஊசியை எடுக்கும்போது பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வதும் மாமன்தான். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்.

"ஊசி கண்ணுல பட்டா யாரு பொறுப்பு? உங்க பெரியப்பா மகன் மடியில வைப்போம்" என்றார் அக்காவின் மாமியார்.

"என் தம்பிக்குக் கைதான் ஆடுது, மடி ஆடல" என்றாள் அக்கா. "அவன் மடியில இல்லைன்னா எம்மகளுக்குக் காதே குத்த வேணாம்."

பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். அங்கே அவளை மூளிக்காதி என்று கூப்பிட்டார்கள். என் கைக்காக ஒரு குழந்தை பேச்சு வாங்குகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "யார் மடியிலயாவது வச்சுக் குத்தித் தொலை" என்று அக்காவிடம் கத்தினேன். அவள் வெகுநாள் என்னோடு பேசவில்லை.

மதுரையில் ஒரு டாக்டர் என்னை எழுதச் சொல்லிப் பார்த்தார். பட்டணத்தில் மண்டைக்குள் கம்பி விட்டு இதைச் சரிசெய்கிறார்கள் என்றார். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

பட்டணத்து டாக்டர், ஒரு கைக்குத்தான் இப்போது செய்ய முடியும், எந்தக் கை வேண்டும் என்று கேட்டார். பிள்ளையின் தலையைப் பிடிக்கும் கையை நினைத்து வலது என்றேன். வலது கைக்கு மண்டையில் இடது பக்கம் ஓட்டை போட வேண்டும் என்றார். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மயக்கம் கொடுக்கவில்லை. தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, தலையில் ஒரு இரும்புச் சட்டத்தைத் திருகினார்கள். ஓட்டை போட்டு உள்ளே காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் சொட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நிலம் அளப்பது மாதிரி அளந்தார்கள். அப்புறம் கம்பியை இறக்கி லேசாகக் கரண்ட் கொடுத்தார்கள்.

"என்ன தெரியுது?"

"உதட்டுல எறும்பு ஊருது."

கம்பியைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி படம் எடுத்தார்கள். மறுபடி கரண்ட். "வலது கையை நீட்டுங்க" என்றார் டாக்டர்.

நீட்டினேன். கை அப்படியே நின்றது.

"யாரு என் கையப் பிடிச்சிருக்காக?" என்று கேட்டேன்.

"யாரும் பிடிக்கலை" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் தலை அசையும் என்று அதட்டினார்கள். கரண்டை நிறுத்தியதும் கை பழையபடி ஆடியது. இதுதான் இடம் என்று சொல்லி, அந்தப் புள்ளியைச் சூடு வைத்துக் கருக்கினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை ஆடவில்லை.

மொட்டைத் தலையோடு ஊர் திரும்பினேன். பழனிக்குப் போய் வந்தேன் என்று பலரும் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. அக்காவின் மாமியாருக்கு மட்டும் உண்மை எட்டிவிட்டது.

"மண்டையில கரண்டு வச்சாகளாம்ல? பைத்தியத்துக்குத்தான அத வைப்பாக? பைத்தியக்காரன் மடியிலயா பிள்ளைய வைக்கிறது?"

"பைத்தியக்காரனா இருந்தாலும் மாமன் மாமன்தான் அத்தை" என்றாள் அக்கா. எனக்காகப் பரிந்துதான் பேசினாள் என்று வைத்துக்கொண்டேன்.

குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பிள்ளை என் மடியில் உட்கார்ந்தாள். இடது கையால் இடுப்பை வளைத்து, வலது கையால் தலையைப் பிடித்தேன். வந்திருந்த ஒருவரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. மாமியார் குனிந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். கை அசையவில்லை. மற்றக் காதையும் குத்தி முடித்தார்.

அப்போது கடகடவென்று ஒரு சத்தம். பழக்க தோஷத்தில் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது பிள்ளையின் தலைமேல் அப்படியே இருந்தது.

சத்தம் அக்காவிடமிருந்து வந்தது. தேங்காய் பழத் தட்டை ஏந்தி நின்றவளின் கைகள் நடுங்கின. இத்தனை வருஷமும் யாருக்கு முன்னாலும் அழாதவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏலே, தட்டப் பிடி. கீழ போட்டுருவேன்" என்றாள்.

என்னை நம்பி யாரும் ஒரு தட்டை நீட்டியது அதுதான் முதல் தடவை. வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.