எங்கள் அக்கா, கொத்தனார்

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கப் போனபோது, படத்துக்குக் கீழே போடுவதற்காக அக்காவின் தொழில் என்னவென்று அச்சகத்துக்காரர் கேட்டார். "கொத்தனார்" என்றேன். "அது அவங்க வூட்டுக்காரரு தொழிலுங்களா?" என்றார். "அவரும் கொத்தனார்தாங்க. இவங்களும் கொத்தனார்" என்றேன். அவர் நிமிர்ந்து படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார்.

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. அவர் கட்டிய சுவர்களுக்குள் குடியிருப்பவர்கள் பலரும் இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அவர் பட்ட பாட்டையும் வாழ்ந்த விதத்தையும் எனக்குத் தெரிந்த மட்டில், தம்பி என்ற முறையில், இங்கே எழுதுகிறேன்.

அக்கா கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா குத்தகைக்குப் பயிர் செய்தவர். விளைச்சல் தொடர்ந்து கைவிட்டதால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களை விருத்தாசலத்துக்கு அழைத்துவந்து, பீங்கான் கம்பெனி ஒன்றில் மண் குழைக்கும் வேலையில் சேர்ந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் அப்பா காலமானார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவ வேண்டும். தலையிலும் புருவத்திலும் வெள்ளை மண் அப்பியிருக்க வீடு திரும்புவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

மாமா கொத்தனார். திருமணத்துக்குப் பிறகு அக்கா கம்பெனியை விட்டுவிட்டு மாமாவோடு சித்தாளாகப் போக ஆரம்பித்தார். இருவரும் ஒரே சைக்கிளில் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். மாமா செங்கல் வைப்பார். அக்கா கலவை சுமப்பார். குழந்தை இல்லையே என்ற குறை உறவுக்காரர்களுக்கு இருந்தது. அக்காவும் மாமாவும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கம்மாபுரம் பக்கம் ஒரு மாடி வீட்டு வேலையில், வெளிப்பூச்சுக்குக் கட்டியிருந்த சாரம் சரிந்து மாமா கீழே விழுந்தார். கீழே நின்று அவருக்குக் கலவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அக்கா. மாமாவின் உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை.

பல மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்த மாமா, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். காலையில் அவரைத் துடைத்து உடை மாற்றிக் கஞ்சி கொடுத்துவிட்டு, அக்கா முன்பு இருவரும் வேலை பார்த்த மேஸ்திரியிடமே சித்தாளாகப் போய்வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, அக்கா மாமாவின் கட்டிலைப் பின்பக்கம் முருங்கை மரத்தடிக்கு இழுத்துப் போடச் சொன்னார். பக்கத்தில் பழைய செங்கல்லும் குழைத்த செம்மண்ணும் தயாராக இருந்தன. மாமாவின் கொத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு செவுரு கட்டக் கத்துக் குடுங்க."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒனக்கு வேற வேலையில்ல. பொம்பள கட்டுற செவுத்த யாரு ஏத்துக்குவாங்க?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க சொல்லிக் குடுங்க."

அக்கா தாமாகவே கல் வைக்கத் தொடங்கினார். மூன்றாவது வரிசை போனபோது மாமாவால் பொறுக்க முடியவில்லை. "நூல் புடிக்காம என்னாத்த கட்டுற? பிரி, பிரி எல்லாத்தையும்!" என்று கத்தினார். விழுந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது, உதட்டில் சிரிப்பு.

அதன்பிறகு ஞாயிறுதோறும் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். மாமா திட்டுவார். அக்கா கரண்டியை வீசிவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து எடுத்துக்கொள்வார். கடைசியில் ஒருநாள் மாமா தூக்குக்குண்டை விட்டுப் பார்க்கச் சொன்னார். சுவர் நேராக இருந்தது. "ம்" என்றார். அந்த ஒரு எழுத்தை அக்கா எங்களிடம் எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "சித்தாளா வரதுன்னா வா. நீ செவுத்துல கைய வச்சா மத்த ஆளுங்க வேலைய வுட்டுட்டுப் போயிடுவானுங்க" என்றார். அப்போது பெண்ணாடம் ரோட்டில் தனியாக இருந்த ஒரு டீச்சரம்மாவின் வீட்டில், பின்பக்கக் குளியலறையை அரைகுறையாக விட்டுவிட்டு ஆட்கள் வேறு பெரிய வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே சித்தாளாக இருந்த அக்கா, "நான் முடிச்சுக் குடுக்கறேங்க" என்றார்.

"நீயாம்மா?"

"நான்தாங்க. சரியில்லன்னா சொல்லுங்க, நானே இடிச்சுட்டுப் போயிடறேன்."

செல்வி என்ற பெண்ணைச் சித்தாளாக வைத்துக்கொண்டு அக்கா அந்தக் குளியலறையைக் கட்டி, பூசி முடித்தார். டீச்சரம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்திலும் நம்பி வேலைக்கு விடலாம் என்று பெண்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். குளியலறை, கழிவறை, சமையல் மேடை என்று ஆரம்பித்து, சுற்றுச்சுவர், பிறகு முழு வீடு என்று வேலை வளர்ந்தது.

அவமானமும் வந்தது. ஒரு புது வீட்டில் அக்கா முன்சுவரை இடுப்பளவு கொண்டுவந்திருந்த சமயம், வீட்டுக்காரரின் அண்ணன் வெளியூரிலிருந்து வந்தார். "தலவாசல் செவுத்த பொம்பளையா கட்டுறது? வெளங்குமா இந்த வூடு?" என்று ஈரச்சுவரைக் காலால் உதைத்துத் தள்ளினார். அக்கா விழுந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டி, ஓரமாக அடுக்கி வைத்தார். கரண்டியைக் கழுவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்ட மாமா, "நான் எழுந்து நடக்கற ஆளா இருந்தா..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதார். மறுநாள் காலை அந்த வீட்டு அம்மாவே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்.

"அவரு ஊருக்குப் போயிட்டாரும்மா. வூடு எனக்குத்தான், அவருக்கு இல்ல. வந்து கட்டிக் குடு."

அக்கா போனார். அந்த வீட்டுக் குடும்பம் இன்று இங்கே வந்திருக்கிறது.

அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் பெண்கள் ஒதுங்க மறைவு கிடையாது. அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால், பொழுது சாய்ந்து திரும்பும்வரை அக்கா தண்ணீர் குடிக்க மாட்டார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். அடிக்கடி நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். கால் வீங்கியபோதும் நின்றுகொண்டே வேலை செய்வதால் என்றார். நான் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது இரண்டு சிறுநீரகமும் கெட்டிருந்தன.

"தண்ணி சரியா குடிக்க மாட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிச்சா எங்க சார் போறது?" என்றார் அக்கா. "ஆம்பளைங்க செவுத்தோரமா நின்னுடுவாங்க."

அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதுவும் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டர். வீடு கட்டப்போகும் உறவினர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அஸ்திவாரம் தோண்டும் அன்றே, வேலைக்கு வரும் பெண்களுக்கென்று ஒரு மறைவு கட்டிக் கொடுங்கள்.

வாரந்தோறும் கடலூருக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளையே பார்த்துக்கொண்டு வருவார். ஒருநாள் என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றேன்.

"பைத்தியமாடா ஒனக்கு? ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கற."

"நீதான என்ன வளத்த?"

"அதுக்குத்தான் சொல்றேன். வளத்தத நானே வெட்டி எடுத்துக்கவா?"

மறுபடி கேட்டபோதும் மறுத்தார். அடுத்த முறை போகும்போது அக்காவுக்குத் தெரியாமல் டாக்டரிடம் பேசினேன். அக்காவின் இதயம் பலவீனமாகிவிட்டது, இனி அந்த ஆபரேஷனைத் தாங்காது என்றார். திரும்பும் வழியில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

கடைசி மாதங்களில் அவருக்கிருந்த கவலை மாமா மட்டுந்தான். என் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அவர பெரட்டிப் போடறப்ப எடது தோள மொதல்ல புடிம்மா. வலிச்சாலும் சொல்ல மாட்டாரு" என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு காலைப்பொழுதில், மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தவர், மாமா கூப்பிட்டதற்குக் குரல் கொடுக்கவில்லை.

அக்காவின் சிகிச்சைக்குத் துணைநின்ற டாக்டர், செவிலியர்கள், வீடு தேடி வந்து பார்த்த டீச்சரம்மா, அக்கா எடுத்திருந்த வேலைகளைக் குறையில்லாமல் முடித்துக் கொடுத்து இன்று தாமும் கொத்தனாராக இருக்கும் செல்வி, மாமாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து தன் தகப்பனைப் போலப் பார்த்துக்கொள்ளும் என் மனைவி, இவர்களுக்கெல்லாம் நான் என்ன சொன்னாலும் போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறுதி நாளன்று அக்காவைக் குளிப்பாட்டிப் புதுப்புடவை கட்டி வாசலில் கிடத்தியிருந்தோம். மாமாவை நாற்காலியோடு தூக்கிவந்து பக்கத்தில் வைத்தோம். அவர், "கொஞ்சம் தேங்கா எண்ண குடுங்க" என்றார். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. செல்விதான் ஓடிப்போய் எடுத்துவந்தார். சிமெண்டு தின்று வெடித்த அக்காவின் விரல்களுக்கு, வேலை முடிந்து வந்ததும் மாமாதான் எண்ணெய் தேய்த்துவிடுவாராம். எத்தனையோ வருடப் பழக்கம் அது. எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

மாமா அக்காவின் கையை மடியில் எடுத்து வைத்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலைக்குப் போகாமல் கிடந்த மாதங்களில் கை முழுவதும் ஆறியிருந்தது.

"ஒரு வெடிப்புகூட இல்ல பாரு" என்றார்.

ஆனாலும் ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவினார். ஒரு கை முடிந்ததும் மறு கையைக் கேட்டார். நேரமாகிக்கொண்டிருந்தது. தூக்குவதற்கு வந்தவர்களும் மேளக்காரர்களும் வெயிலில் நின்றீர்கள். ஒருவர்கூட அவரை அவசரப்படுத்தவில்லை. அன்று அப்படிக் காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.