புல்லைத் தின்னத் தடையில்லை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, தங்கை கண்மூடிய பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் நன்றாக இருக்கின்றன. நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். என்றாலும் கனடாவின் நடுவில் உள்ள மனிரோபாவுக்குப் போய்வந்த கதையை நானே என் கையால் எழுதுகிறேன். போகாதவர்கள் அறிய வேண்டும்.

ஏப்ரல் கடைசி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி. ரொறன்ரோ வெக்ஸ்போர்ட் வீட்டிலிருந்து மூத்தவள் ஜெசி காரில் விமான நிலையம் கொண்டுபோனாள். போகவர டிக்கெற் நானூற்றுப் பன்னிரண்டு டொலர். நான் போனது கடைசி மகன் யூட்டைத் திருப்பிக் கூட்டிவர. இருபத்திரண்டு வருடம் ஸ்காபரோவில் பாக்டரியில் நின்றவன், மூன்று வருடத்துக்கு முன் மனைவி சாந்தியோடு போய் அங்கே ஒரு பழைய வீடும் காணியும் வாங்கி, இருபத்தாறு ஆடு வளர்க்கிறான். இந்த வருடம் அந்தப் பக்கம் பனியும் குறைவு, மழையும் இல்லை, புல்வெளி நெருப்புப் பயம் என்று செய்தியில் சொன்னார்கள். பிள்ளைகள் கூடிப் பேசி என்னை அனுப்பினார்கள்.

"தம்பி ஆர் சொன்னாலும் கேளான். நீங்கள் போய் அழுதால் வருவான், அம்மா," என்றாள் ஜெசி.

"நான் ஏன் அழ? காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன்."

விமானம் இரண்டரை மணித்தியாலம். வினிபெக்கில் இறங்கி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். அங்கிருந்து மேற்கே பிராண்டனுக்கு இருநூற்றுப் பதினைந்து கிலோமீற்றர், அதற்கு அப்பால் இன்னும் நாற்பது. யூட் கார் ஓட்டினான். மலையும் இல்லை, மேடும் இல்லை. எங்கு பார்த்தாலும் வானம்தான்.

இதற்கும் வசந்தம் என்றுதான் பெயர். ரொறன்ரோவில் நான் விட்டுவந்த புல் பச்சை. அங்கே எல்லாம் தவிட்டு நிறம். பனி உருகிவிட்டது, புதுப்புல் இன்னும் வரவில்லை. இடையில் உள்ள மூன்று நான்கு கிழமைதான் பொல்லாதது. போன வருடத்துப் புல் செத்துக் காய்ந்து இடுப்பளவு நிற்கிறது. விடிய வாளித் தண்ணீரில் ஐஸ். மத்தியானம் இருபத்தாறு பாகை வெயில். பிறகு மேற்கிலிருந்து காற்று. யூட்டின் வீட்டுக்குக் கிழக்கே கல்தெரு. மேற்கே அந்தப் புல் கண்ணுக்கெட்டாத தூரம் வரை கிடந்தது.

"ஏன்ரா, வீட்டைச் சுத்தி உள்ளதை நீயே எரிச்சுவிடேலாதோ?" என்று வரும் வழியிலேயே கேட்டேன்.

"தடை, அம்மா. ஒரு நெருப்புக்குச்சி கிழிச்சாலும் குற்றம்."

"அப்ப மெசினாலை வெட்டு."

"அதுக்கும் தடை. பிளேட் கல்லிலை பட்டு ஒரு பொறி பறந்தாலே போதும்."

கார்க் கண்ணாடியை இறக்கிப் புல்லைப் பார்த்தேன். "ஆடு தின்னத் தடையோ?"

அவன் சிரித்தான். "செத்த புல்லை ஆடு தின்னாது, அம்மா. நல்ல தீன் போட்டுப் பழக்கிப்போட்டன்."

"பசியும் உப்பும் இருந்தால் தின்னும். நான் கேட்டது தடையோ எண்டு."

"அப்பிடி ஒரு சட்டமும் இல்லை."

"சரி. காரைக் கெதியா விடு."

செவ்வாய், காலை ஏழு மணி. அங்கே ஆடுகளை மின்கம்பி வேலிக்குள் சும்மா விடுகிறார்கள். சும்மா விட்ட ஆடு நுனியைக் கடித்து ருசி பார்த்துவிட்டு நடக்கும். கட்டிவிட்ட ஆடுதான் எட்டியதை எல்லாம் அடியோடு தின்னும். ஊர்காவற்றுறையில் ஆடு கட்டாத வீடு இல்லை. எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருபத்தாறு கட்டை, ஆட்டுக்கு ஆறடிக் கயிறு என்று யூட்டுக்குச் சொன்னேன். ஆனால் கட்டை இறங்கவில்லை. மேலே ஒரு சாண் சேறு, கீழே நிலம் இன்னும் கல்லாக உறைந்திருந்தது. சாந்தி கேத்தில் கேத்திலாகக் கொதிதண்ணீர் ஊற்ற, யூட் அலவாங்குக் கம்பியால் குத்த, ஒரு கட்டைக்குப் பத்து நிமிடம். நான் வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து விளக்குமாற்றால் புல்லில் தெளித்தேன். மத்தியானம் வரை ஆடுகள் என்னைப் பார்த்துக் கத்தின. பிறகு குனிந்தன.

ஒரு நாளைக்கு ஒரு வரிசை. பொழுதுபட ஆடு நின்ற இடம் வட்டம் வட்டமாக மொட்டை.

வியாழன் காலை பக்கத்துக் காணிக்காரி ஒல்கா வந்தா. எழுபது வயது, ஆம்பிளைச் சப்பாத்து, ஊர்த் தீயணைப்புக் குழுவில் தொண்டர். வட்டங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னா.

"பறக்கும் தட்டு இறங்கினதோ எண்டு கேக்கிறா," என்றான் யூட்.

"இறங்கினது நான்தான் எண்டு சொல்லு."

சொன்னான். மனுசி இன்னும் சிரித்தா. சிரித்தாலும் கண் வேலையில் இருந்தது. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் புல் நின்ற மூலைகளைக் கையால் காட்டினா. அதுவழியே நெருப்பு நுழையுமாம். பிழை என்னுடையதுதான். அன்று முதல் அடுத்த வரிசைக் கட்டைகளை அந்த மூலைகளுக்கு நேரே அடிப்பித்தேன். அடுத்த செவ்வாயோடு வீட்டுக்கு மேற்கே எட்டு வரிசை முடிந்தது.

புதன், பின்னேரம் இரண்டு மணி. தொப்பி பறக்கிற காற்று. மேற்கே முதலில் புகையைக் கண்டது சாந்தி. எங்கே, எப்படிப் பற்றியது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. உடனே வெளிக்கிடச் சொல்லித் தீயணைப்புக் குழுவிடமிருந்து போன் வந்தது. ஆடுகளை அவிழ்த்து, தெருவைக் கடந்து ஒல்காவின் உழுத நிலத்துக்குத் துரத்தினோம். கறுத்த மண், எரிய ஒன்றும் இல்லை. அங்கே நின்று வீட்டைப் பார்த்தோம்.

"மூண்டு வருசம்..." என்றான் யூட். சாந்தி செபமாலையை எடுத்தா. என் வாயில் செபம் வரவில்லை. வரிசைகளைத்தான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நெருப்பு ஆயிரம் பேர் ஒன்றாகச் சீலை கிழிக்கிற மாதிரிச் சத்தத்தோடு வந்தது. ஆள் உயரம். முதல் வரிசையில் இடுப்பளவு. இரண்டாவதில் முழங்கால். மூன்றாவதில் ஊர்ந்தது. நாலாவதில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றது. வீட்டுக்கு இரண்டு பக்கத்தாலும் போன நெருப்பு கல்தெருவில் முட்டியது. ஒல்காவின் ஆட்கள் தண்ணீர் வண்டியோடு வந்து அதை அணைத்தார்கள். வீட்டின் மேற்குச் சுவரில் ஒரு பொட்டுக் கரியும் இல்லை.

ஒல்கா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நெருப்பு நின்ற கோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தா. பிறகு வந்து என் இரண்டு கையையும் பிடித்தா. இந்த முறை சிரிக்கவில்லை.

"உங்கடை ஆடுகளை ஒரு கிழமைக்குத் தருவியளோ எண்டு கேக்கிறா, அம்மா."

"தரலாம். கட்டையை அவவும் சேர்ந்து அடிக்க வேணும் எண்டு சொல்லு."

அன்று சாப்பிடும்போது யூட் கேட்டான், "அப்ப அம்மா, என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?"

"உன்னைக் கொண்டுபோனால் உந்த ஆடுகளை ஆர் கட்டுறது? சோத்தைத் தின்."

சனி, மாலை ஐந்து மணி, ரொறன்ரோ விமான நிலையம். ஜெசி என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தம்பி எங்கை?"

"ஒல்கா வீட்டிலை கட்டை அடிக்கிறான்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே காரை ஓட்டினாள். வெக்ஸ்போர்ட்டில் புல் கணுக்கால் அளவு பச்சையாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மெசினால் அதையும் வெட்டிக்கொண்டிருந்தார். இங்கே புல் வளர்ந்தால் அயலவர் முகம் சுளிப்பார்கள்; அவ்வளவுதான். அங்கே ஒரு வீடு நிற்பதும் போவதும் அதில் இருக்கிறது. என் மகன் அதை அறிந்துதான் அங்கே இருக்கிறான். இனி மற்ற ஆறு பேரில் ஒருவரும் அவனைத் திரும்பி வரச் சொல்ல வேண்டாம்.

மரியா, எழுதி முடிஞ்சுது, இஞ்சை வா பிள்ளை. அம்மம்மாவின்ரை எழுத்துக் கோணல்தான், எண்டாலும் தொடக்கத்திலை இருந்து ஒருக்கா வாசி. நெருப்பு நிண்ட இடம் வந்தால் கொஞ்சம் சத்தமாய் வாசி. உன்ரை அம்மா ஜெசி குசினிக்குள்ளைதான் சமைச்சுக்கொண்டு நிக்கிறா.