வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்த சைமியிடம் மூன்று பைகள் இருந்தன. இரண்டில் அழுக்குத் துணி. மூன்றாவதில் காடு வளர்ப்பு பற்றிய தடித்தடிப் புத்தகங்கள். திரும்பிப் போகும்வரை அவற்றை அவள் திறக்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், நுர்மெஸ் ரயில் நிலையத்தில் அவற்றைக் காருக்குத் தூக்கிப் போன அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா இர்மெலி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். பேச ஆள் இல்லாவிட்டால் அடுப்போடு பேசுவாள். நாற்பது கிலோமீட்டர் பயணத்தில் யார் செத்தார், யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுக் கூரை பனியில் இறங்கியது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நடுவே, ஏதோ உப்பு விலை சொல்வதுபோல, இன்னொன்றையும் சொன்னாள். மரக் கம்பெனிக்காரர் ஒருவர் இலையுதிர் காலத்தில் இரண்டு தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். காட்டை விலைக்குக் கேட்கிறார். அப்பாவுக்கு அக்டோபரில் முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டதால் இனி காட்டு வேலை கஷ்டம். ஜனவரி ஆறாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும்.

"உன்கிட்ட கொடுக்கலாமான்னு யோசிக்கிறார்னு நினைக்கிறேன். ஆனா அவரா சொல்ல மாட்டார், நீயா கேட்க மாட்ட. ரெண்டு பேரும் வாயத் திறக்காம இருந்தே காட்டை வித்துடுவீங்க" என்றாள்.

சைமிக்கு அந்தக் காடு வேண்டும். கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஹெல்சிங்கியில் அரசாங்க நாற்காலி வேண்டும். இவளுக்கு அந்த நாற்பது ஹெக்டேரும், அதன் சதுப்பும், ஒவ்வொரு வசந்தத்திலும் கார் மாட்டிக்கொள்ளும் அந்தப் பாழாய்ப்போன மண்பாதையும்தான் வேண்டும். இருபது வயதில் இதைவிட அதிகமாக எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. "காட்டை எனக்குக் கொடுங்கப்பா" என்ற மூன்று வார்த்தை இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே நின்றது. யொயென்சுப் பல்கலைக்கழகத்தில் அதை வெளியே கொண்டுவரும் வித்தையை யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டில் அப்பா ரௌனோ காலை ஒரு நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான்கு மாதம் கழித்து வந்த மகளையும் பைகளையும் பார்த்து, "யொயென்சுல தண்ணி வராதா?" என்று கேட்டார். அன்றைக்கு அதோடு சரி.

இருபத்திரண்டாம் தேதி காலை அவராகவே வாயைத் திறந்தார். மரம் வெட்டி வரச் சொன்னார். அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்பது ரௌனோ ஒருவர் மட்டுமே செய்யும் காரியம். அதை மகளிடம் விடுகிறார் என்றால் அது பரீட்சைதான் என்று சைமி முடிவு கட்டிவிட்டாள்.

"வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே வெட்டு. அந்தப் பக்கம் என்சியோவோடது."

"தெரியும்ப்பா. எல்லை எங்க இருக்குன்னு போன் துல்லியமா காட்டும்."

"மைனஸ் இருபத்திநாலுல அது பேசுமா?"

பேசவில்லை. பெரிய பாறையைத் தாண்டியதும் போன் கண்ணை மூடிவிட்டது. சைமி அலட்டிக்கொள்ளவில்லை. பிறந்து வளர்ந்த காடு, போதாததற்கு மூன்று செமஸ்டர் படிப்பு வேறு. தொடைவரை பனி. அதற்கு அடியில் வாய்க்கால்கள் இரண்டு இருந்தன. ஒன்று எல்லை. மற்றொன்று சதுப்பை வடிக்க அப்பா பிற்பாடு வெட்டியது. பனி இரண்டையும் சமமாக மூடி, மேலே மெத்தைபோல் விரித்து வைத்திருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாள். இது அப்பா வெட்டியது, எல்லை இன்னும் முன்னால் வரும் என்று கணக்குப் போட்டாள். அப்பா வெட்டியது எப்போதோ காலடியில் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

அங்கே அந்த மரம் நின்றது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், நாலாபுறமும் ஒரே அளவாக இறங்கிய கிளைகள், நெருக்கியடிக்கப் பக்கத்தில் ஒரு செடி கிடையாது. இயற்கை எப்போதாவது இப்படி ஒழுங்காக வேலை செய்யும் என்று வியந்தாள். பக்கத்துச் செடிகளை ஆறு வருடமாக ஒருவர் குனிந்து குனிந்து பிடுங்கியிருக்கிறார் என்பது அந்தப் படித்த பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. பனியைத் தோண்டி, தரையோடு தரையாக, புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் மட்டமாக அறுத்தாள்.

அப்பா விறகுக் கொட்டகைவரை நொண்டி நொண்டி வந்து, தண்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். மற்றவர்கள் மேடை போட்டு ஒரு மணி நேரம் புகழ்வதற்குச் சமம் அது. சைமி இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

இருபத்திநான்காம் தேதி காலை, பனி உருகிய மரத்தைக் கூடத்தில் நிறுத்தினார்கள். நண்பகலுக்கு அரிசிக் கஞ்சியும் கையுமாக எல்லோரும் டிவி முன் உட்காருவது வழக்கம். துர்க்கு நகரத்து மாடத்தில் ஒருவர் சுருளை விரித்து, நாட்டுக்கே கிறிஸ்துமஸ் அமைதியை அறிவிப்பார். அவர் தொண்டையைச் செருமிய நேரத்தில் சைமி கடைசி வைக்கோல் நட்சத்திரத்தைக் கட்டக் கிளையை விலக்கினாள். தண்டைச் சுற்றி நீலக் கம்பளி நூல் ஒன்று, இரட்டை முடிச்சோடு இருந்தது.

அந்த ஊரில் நீலக் கம்பளி என்றால் என்சியோதான். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பின்னக் கற்றுக்கொண்டு, மூடப்போன கடை ஒன்றிலிருந்து நீல நூலை மூட்டையாக அள்ளி வந்தார். அதிலிருந்து ஊரார் கால்களெல்லாம் நீலம், ரௌனோவின் கால் தவிர. பதினோரு வருடத்துக்கு முன் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே எல்க் மானைச் சுட்டார்கள். என் குண்டு, இல்லை என் குண்டு என்று ஆரம்பித்தது பேச்சுவார்த்தை நின்றதில் முடிந்தது. கார்கள் எதிரெதிரே வந்தால் மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். பகையாளிக்கும் அந்த மரியாதை உண்டு.

டிவியில் சுருள்காரர், இந்த அமைதியைக் குலைத்து முறைகேடாக நடப்பவர்களுக்கு வழக்கத்தைவிடக் கடுமையான தண்டனை உண்டு என்று வாசித்துக்கொண்டிருந்தார். இர்மெலி நூலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மகளின் காதருகே வந்து, அப்பா பார்க்கவில்லை, பையில் போட்டுக்கொள்வதானால் போட்டுக்கொள், உன் இஷ்டம் என்று முணுமுணுத்தாள்.

சைமி நூலை அவிழ்த்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். எல்லை எங்கே என்று தெரியாதவளிடம் யார் காட்டைக் கொடுப்பார்கள்? சொல்லாமல் விட்டால் ஜனவரி ஆறு வரை இது யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆனால் அந்தக் கிழவர் இந்நேரம் ரம்பத்தோடு போய் வெறும் அடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரோ என்ற நினைப்பு விடவில்லை. டிவியில் பாட்டு முடிவதற்குள் போய் நூலை அப்பாவின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மரத்துல இருந்ததுப்பா. நான் வாய்க்காலைத் தாண்டிட்டேன்."

ரௌனோ நூலைப் பார்த்தார். கஞ்சியைக் கடைசிக் கரண்டிவரை சாப்பிட்டார். அந்த ஐந்து நிமிடத்தில் சைமி மனதுக்குள் காட்டுக்கு விடைகொடுத்து முடித்துவிட்டாள். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அவர், "என் பூட்ஸ் எங்க?" என்று கேட்டார்.

அன்று அந்தச் சாலையில் யாராவது போயிருந்தால் நல்ல காட்சி கிடைத்திருக்கும். பனியில் காலால் உதைத்து ஓட்டும் உதைவண்டி. அதன் முன் இருக்கையில், ஒரு காலைக் கட்டைபோல் நீட்டி, அலங்கரித்த மரத்தை மடியில் கட்டிப்பிடித்தபடி ரௌனோ. வைக்கோல் நட்சத்திரங்கள் அவர் மூக்கில் இடித்தன. பின்னால் நின்று உதைத்துத் தள்ளியது மகள். வழிநெடுக அவர் பேசியது ஒன்றே ஒன்று, பள்ளத்தைப் பார்த்து ஓட்டு என்று.

என்சியோ கதவைத் திறந்து மரத்தைப் பார்த்தார். பிறகுதான் அதற்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"உங்க மரத்தை நான்தான் வெட்டினேன். எல்லை தெரியாம வந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள் சைமி.

"படிச்ச பொண்ணுன்னு அடிமரத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. உங்க அப்பன் வெட்டினா முழங்கால் உயரத்துக்கு விட்டு வப்பான்."

ரௌனோ மரத்துக்குப் பின்னால் இருந்து உறுமினார். என்சியோ தலையைச் சொறிந்துகொண்டார். மாட்டிக்கொண்ட ஆள்போல வாசலை விட்டு விலகினார். உள்ளே கூடத்தில் வேறொரு மரம், மெழுகுவத்தியெல்லாம் வைத்து நின்றுகொண்டிருந்தது. நேற்று காலடித் தடத்தைப் பார்த்தாராம். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று கோபம் தலைக்கேறியதாம். அதே தடத்தில் நடந்து, இரண்டு வாய்க்காலையும் தாண்டி, ரௌனோ பக்கத்தில் ஒன்றை அறுத்து வந்துவிட்டாராம்.

"அது நான் அடுத்த வருஷத்துக்கு வச்சிருந்த மரம்டா" என்றார் ரௌனோ. பதினோரு வருடத்தில் அவர் அந்த மனிதரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"நீ வச்சிருந்தது ஒரு பக்கம் சொட்டையா இருக்கு. சுவரோரமா திருப்பி வச்சேன்."

இரண்டு பேரும் சைமியைப் பார்த்தார்கள், ஏதோ அவள்தான் நீதிபதி என்பதுபோல. அவள் இரண்டு மரத்தையும் சுற்றி வந்து, சொட்டைதான் என்று ஒப்புக்கொண்டாள். ரௌனோவின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்பா சத்தமில்லாமல் சிரிப்பதை அவள் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

"மானைச் சுட்டது உன் குண்டுதான்னு நான் இன்னும் ஒத்துக்கல" என்றார் என்சியோ.

"நானும்தான்."

"சரி. காபி குடிக்கிறியா?"

வெட்டிய மரம் வெட்டியவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று காபியில் முடிவாயிற்று. திரும்பும்போது அதே மரம் அதே மடியில் ஏறியது. உதைவண்டியில் நீட்டியிருந்த காலில் புதுசாக நீலக் காலுறை. அளவு கச்சிதம்.

வந்ததும் ரௌனோ படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஏதோ கிழித்துக்கொண்டிருந்தார். பிறகு சௌனா நீராவிக் குளியல், பன்றித் தொடை, கிழங்கு வேகவைப்பு என்று அன்றைய வேலைகள் ஒழுங்காக நடந்தன. சைமி சிரித்தாள், சாப்பிட்டாள். கேட்கவில்லை. தப்பை ஒப்புக்கொண்ட அன்றைக்கே காட்டைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பரிசுகளில் அவள் பெயர் எழுதிய தட்டையான பொட்டலம் ஒன்று இருந்தது. காகிதம் கசங்கி, பழைய ஒட்டுநாடாமேல் புதியது ஒட்டியிருந்தது. ரிப்பனுக்குப் பதில் அந்த நீல நூல், ரௌனோவின் முரட்டு முடிச்சு.

"நவம்பர் கடைசியிலயே கட்டி வச்சுட்டார். இன்னைக்கு மத்தியானம் திரும்பப் பிரிச்சிருக்கார்" என்றாள் இர்மெலி. அப்போதே அவள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே காட்டின் கோப்பு. பட்டா, பராமரிப்புத் திட்டம், மேலே வரைபடம். வரைபடத்தில் மட்டும் தச்சர் பென்சிலால் அழுத்தி இழுத்த புதுக் கோடு ஒன்று. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் கோணல் கையெழுத்து:

'வாய்க்கால் இரண்டு. இரண்டாவதுக்கு அந்தப் பக்கம் என்சியோவுடையது. இந்தப் பக்கம் உன்னுடையது.'

சைமி அதை இரண்டு தடவை படித்தாள். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள். வேறு என்னவோ வந்தது.

"இதை போன்ல ஏத்தி வச்சுக்கறேன்ப்பா."

"பேப்பரையும் வச்சுக்கோ" என்றார் ரௌனோ.