வயது போடாத அறிவித்தல்

அக்காவின் கைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல். இறந்தவரின் பெயர் வரும் இடத்தில் அக்காவின் பெயர். அதை அவர் என் கண்முன்னாலேயே வாசித்து, மடித்து, சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

பதுளை பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் அச்சகத்தில் அக்காவும் நானும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் டிசைன் வேலை செய்தோம். கல்யாண அட்டை, திருவிழா நோட்டீஸ், தேயிலைப் பைகளுக்கான லேபல் எல்லாம் வரும். ஆனால் அவசரம் என்றால் மரண அறிவித்தல்தான். தோட்டத்தில் ஒருவர் தவறிவிட்டால், அவர் குடியிருந்த லயத்து வாசலில் வெள்ளைக்கொடி கட்டி முடிவதற்குள் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே அக்கா ஒரு மாதிரிக் கோவை செய்து வைத்திருந்தார். எந்த எழுத்து, கரை எவ்வளவு தடிப்பு, படம் எங்கே என்று எல்லாம் அதில் தீர்மானமாக இருக்கும். மாதிரி என்றால் பெயர் இடத்தில் ஏதாவது ஒரு பெயர் வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரை அங்கே எழுத எங்கள் ஆட்களுக்குக் கை வராது. செத்தவர் பெயரைத் திரும்பத் திரும்பப் போடவும் மனம் கேட்காது. அக்கா தன் பெயரையே போட்டுவிட்டார்.

"எம் பேருன்னா யாரு சண்டைக்கு வரப் போறா? ஆனா தம்பி, வயசும் தேதியும் மட்டும் போட மாட்டேன். அது அவன் வேல" என்று மேலே கையைக் காட்டிச் சிரிப்பார். நூற்றுக்கணக்கான கோப்புகளில் அந்த இரண்டு இடமும் காலியாகவே கிடந்தன.

பிறகு முதலாளி ஏஐ கருவி ஒன்று வாங்கினார். அக்காவின் கோவை முழுவதையும் அதற்குள் கொட்டினார். போனில் வரும் தகவலைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் நோட்டீஸ் தயார். அச்சு அசல் அக்காவின் கைவேலை! எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அது பிடிக்கவும் இல்லை.

ஒரு மத்தியானம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த தகவலில் இறந்தவரின் பெயரும் வயதும் விட்டுப்போயிருந்தன. கருவி நின்று கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த பெயரைப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டது. அக்காவின் பெயர். வயது ஐம்பத்திரண்டு. அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு.

"ஐயோ, எமனுக்கே மாதிரி செஞ்சு குடுத்துட்டேன் போல" என்று அக்கா முதலில் சிரித்தார். பிறகு சோற்றில் கை வைக்கவில்லை. "பேரு நான் குடுத்தது. வயசு எங்கேருந்துப்பா வந்துச்சு?"

கோப்பு கோப்பாகத் தேடினேன். எதிலும் இல்லை. காலி இடத்தைப் பார்த்தால் அது தானாகவே ஒரு எண்ணை ஊகித்துப் போடும் என்றார் முதலாளி. இருக்கலாம். ஆனால் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். ஐம்பத்திரண்டுதான் வந்தது.

அன்றைக்கே அக்காவின் பெயரைக் கோவையிலிருந்து அழித்தேன். மறுநாள் பெயர் கொடுக்காமல் ஓடவிட்டுச் சோதித்தபோது, மகளின் கல்யாண அட்டைக்கு விவரம் கொடுத்திருந்த ஒரு வாத்தியாரின் பெயர் கறுப்புக் கரைக்குள் வந்து நின்றது. மனுஷன் கடை வாசலில் நின்று முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா எட்டிப் பார்த்தார். "எம் பேரயே திரும்பப் போட்டுரு தம்பி. அடுத்தவங்க வீட்டுக்கு எழவு வேணாம்." நான் போட்டேன். அதற்காக என்னை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அக்கா இப்போது வெலிமடையில் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டார். வருகிற தை மாதம் அவருக்கு ஐம்பத்திரண்டு பிறக்கிறது. போன வாரம் போனில் பேசியபோது, அந்தத் தாள் இன்னும் பையில்தான் இருக்கிறது என்றார். கிழித்துப் போடவும் பயமாம்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அக்காவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? புள்ளகுட்டிக்காரன்!" என்று கத்தினார். அழுகிறாரா என்று தெரியவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "வயசு என்னா போட்டிருக்கு?"

"நான் பாக்கலக்கா" என்றேன்.

பார்த்திருந்தேன். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.