மேஜர் தேடிய டிவிஷன்

ஆவடி குவார்ட்டர்ஸில் டேங்க் என்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. தொழிற்சாலையில் செய்து பட்டாளத்துக்கு அனுப்புகிற டேங்குக்கு அங்கே பெயர் வெறும் 'வண்டி'. அந்த வண்டிகளுக்கு வெல்டிங் வைத்து வைத்தே பாஸ்கலின் கண்ணோரம் சுருங்கிப்போயிருந்தது.

ஆனால் 'மேஜர்' பட்டம் கிடைத்ததென்னவோ எதிர்வீட்டு மனோகரனுக்கு. கேன்டீன் ஸ்டோரில் பருப்பு நிறுக்கிறவன். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த யுத்த விளையாட்டை கிளப் மேஜையில் விரித்து, வரைபடத்தின்மேல் டேங்க் படம் போட்ட அட்டைகளை நகர்த்தி, தினமும் யாரையாவது தோற்கடிப்பான். பாஸ்கலின் மனைவி ஹில்டாகூட, "மேஜர் அண்ணன் நேத்து ஒரு ஊரையே புடிச்சிட்டாராமே!" என்றாள். பாஸ்கலுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிய பெண்டாட்டி அவனை ஒருநாளும் எந்தப் பட்டமும் சொல்லி அழைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக கிளப்புக்குப் போனான்.

"வா அண்ணாத்தே! தோத்தா நீயும் என்னை மேஜர்னு கூப்பிடணும், சம்மதமா?"

"நீ தோத்தா அந்தப் பேரு எனக்கு. ஆடு நைனா."

பாஸ்கல் நன்றாகத்தான் ஆடினான். கடைசியில் ஒரே ஓர் அட்டையைப் பாலம் தாண்டி அனுப்பினால் போதும். மனோகரன் அதன்மேல் பாய்வான். அந்தச் சந்தில் தலைநகரைப் பிடித்துவிடலாம். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது.

"ஒரு வண்டிதானே, போவட்டும்" என்று அட்டையைத் தொட்டான் பாஸ்கல்.

மனோகரன் சிரித்தான். "ஒரு வண்டியா? வண்டி செய்றவனுக்கே தெரில பாரு! ஒரு அட்டை ஒரு டிவிஷன். இருநூறு வண்டி கீது அதுல."

பாஸ்கலின் விரல் அப்படியே நின்றது. இருநூறு வண்டி! ஒவ்வொன்றுக்கும் எத்தனை மூட்டு, எத்தனை இன்ஸ்பெக்‌ஷன், எத்தனை முறை திருப்பி அனுப்பி மறுபடி வெல்டிங். சாகவென்றே தள்ள கை வரவில்லை. அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"யோவ், இன்னாய்யா பண்றே!" என்று கத்தினார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கலியமூர்த்தி.

அடுத்த நகர்த்தலிலேயே மனோகரன் பாலத்தைக் கடந்து வந்து பாஸ்கலின் தலைநகரைப் பிடித்துவிட்டான். ஜெயித்தவன் மார்பை நிமிர்த்த, எல்லோரும் பாஸ்கலின் வாயையே பார்த்தார்கள்.

"டேங்க்ல தண்ணி வந்துருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் மாலை கிளப்பில் ஆட்டம் தொடங்கவில்லை. மனோகரன் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று, பாயையும் உதறியாயிற்று.

"டிவிஷன் ஒண்ணு காணோம்பா! அது இல்லாம ஆடவே முடியாது!"

பாஸ்கல் வாசலில் சாய்ந்து நின்றான். சட்டைப் பையில் கை இருந்தது. முந்தின நாள் தொண்டையில் சிக்கிய அந்த வார்த்தை இப்போது சர்க்கரையாய் வந்தது.

"இன்னா தேடிகினு கீறே, மேஜர்?"