தண்ணீர் போட்ட கோடு

அண்ணன் மகள் கௌசல்யா கல்லூரிப் பாடத்துக்காக மடிக்கணினியில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். நீலத்தில் ஒரு தளம், மண் நிறத்தில் ஒரு தளம். ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பளிச்சென்று ஒரு கறுப்புக் கோடு.

“ரெண்டு தளத்தையும் எங்கன சாச்சு வெட்டுனாலும் நேர்கோடுதான் அத்தை வரும்.”

என் கை நின்றுவிட்டது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனால் அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். மூக்கில் உப்பு மண் வாடையே ஏறிவிட்டது.

வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. என் பேரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் சொல்லுவாள். இப்போதும் பெரிதாகத் தேறிவிடவில்லை. எங்கள் கூட்டத்துக்குத் தலைவி ராக்கு அக்கா. எனக்கு வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். புதுப் பாத்தி ஒன்றைப் பன்னிரண்டு பெண்கள் எட்டு நாள் வரிசையாக நின்று காலால் மிதித்தோம். தரை சிமெண்டு பூசியதுபோல வந்தது. “முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாம்டி” என்று அக்கா அளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் உப்புத் தண்ணீர் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் தரையில் கால் வைக்க முடியாது.

மட்டம் பார்ப்பதற்காக விரல் கனம் தண்ணீர் விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் நின்று பார்த்தேன். தண்ணீர் கிழக்கு மூலைக்குப் போகவே இல்லை. அதன் ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. மேடு பள்ளம் இருந்தால் ஓரம் வளைந்திருக்கும். இங்கே தரை வழவழப்புதான். ஆனால் மொத்தமாகச் சாய்ந்திருந்தது. அப்படியே விட்டால் மேட்டுப் பக்கம் உப்பு விளையாது. சொன்னால் அக்காவுக்குத் தலைக்குனிவு. எனக்கோ வாய் வரவில்லை. உடைமரக் குச்சிகளை ஒடித்து அந்த ஓரம் நெடுக ஊன்றிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

“எவடி பாத்திக்குள்ள பந்தக்கால் ஊண்டுனவ?” என்றபடி வந்தார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். குச்சி வரிசையைக் கண்ணால் பிடித்துப் பார்த்தவர் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஆத்தீ, சாஞ்சுல்ல கெடக்கு! ஏன்டி, வாயத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிரும்? வாங்கடி, மறுபடியும் மிதிப்போம்.”

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் விட்டோம். அந்த ஓரம் நகர்ந்து நகர்ந்து போய் எங்கோ மறைந்தது. வரப்புக்கு வரப்பு தண்ணீரில் ஒரே வானம். பன்னிரண்டு பேரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கௌசல்யா கணக்கில் ஏதோ ஓர் எண்ணை மாற்றினாள். நீலத் தளம் மண் நிறத்துக்கு மேலே தொடாமல் படுத்துக்கொண்டது. கோட்டைக் காணோம்.

“ச்சே, இணையாப் போயிருச்சு. தீர்வே இல்ல அத்தை.”

“அழிச்சுராத, ஆத்தா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

இப்போது இயந்திரம் வந்து பாத்தியைச் சமப்படுத்திவிடுகிறது. முதல் தண்ணீரே வரப்புக்கு வரப்பு நின்றுவிடுகிறது. அதைப் பார்க்க வரப்பில் யாரும் நிற்பதில்லை.